எஸ்.எஸ்.டி. திடீரென்று காணவில்லையா? பெங்களூரு நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நேற்று ராத்திரி வரை நன்றாக ஓடிய கம்ப்யூட்டர், காலையில் கறுப்புத் திரையும் இரண்டு வரி வெள்ளை எழுத்துமாக நின்றால் யாருக்கும் வயிறு கலங்கும். அல்சூரில் எனக்கு வருகிற போன்களில் நிறைய இதற்காகத்தான் வருகின்றன. காக்ஸ் டவுன், மர்ஃபி டவுன், விவேக் நகர், ஸ்ரீராம்புரம் என்று தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் "அண்ணா, எஸ்.எஸ்.டி. தெரியல" என்று கூப்பிடுகிறார்கள். (எஸ்.எஸ்.டி. என்பது விண்டோஸும் நம் ஃபைல்களும் இருக்கிற, சிப்களால் ஆன டிரைவ்.) போனில் சொல்லும்போது முக்கியமான எச்சரிக்கை ஏதாவது விட்டுப்போகிறதோ என்ற பயம் எனக்கு உண்டு, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரைவ் தெரியவில்லை என்றால் டிரைவ் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பதற்றத்தில் நாம் அழுத்துகிற ஒரு 'ஓகே' பட்டன்தான் பல வீடுகளில் குழந்தைப் படங்களையும் கல்யாண வீடியோவையும் கொண்டுபோயிருக்கிறது.

எதை முதலில் பார்க்க வேண்டும்?

பயாஸ், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் வருகிற அடிப்படை செட்டிங் திரை. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 கீயை விடாமல் தட்டுங்கள் (சில லேப்டாப்களில் எஃப்10, எஸ்கேப் என்று மாறும்). உள்ளே போனதும் ஸ்டோரேஜ், என்.வி.எம்.இ., சாட்டா (கடைசி இரண்டும் டிரைவ் இணைகிற வகைகள்) என்ற தலைப்புகளில் டிரைவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பூட் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பூட் பட்டியலில் இல்லாத டிரைவ் ஸ்டோரேஜ் பக்கத்தில் இருக்கலாம், அப்படி இருந்தால் அது நல்ல செய்தி.

இந்த ஒரு பதிலை வைத்து வழி இரண்டாகப் பிரிகிறது. பயாஸிலேயே தெரியவில்லை என்றால் கோளாறு இணைப்பிலோ, கரண்டிலோ, ஸ்லாட்டிலோ, டிரைவிலோ இருக்கிறது. விண்டோஸை எத்தனை தடவை திரும்பப் போட்டாலும் சரியாகாது. பயாஸில் தெரிந்து விண்டோஸில் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் டிரைவர் (டிரைவோடு பேச விண்டோஸுக்கு வேண்டிய சாஃப்ட்வேர்), பார்ட்டிஷன் (டிரைவுக்குள் பிரித்த பகுதி), செட்டிங் சம்பந்தப்பட்டது. என்னிடம் போன் செய்வதற்கு முன் இதைப் பார்த்துவிட்டுச் செய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பயாஸில் தெரியவில்லை. திறந்து பார்க்கலாமா?

வாரன்டி சீல் ஒட்டியிருக்கிற லேப்டாப் என்றால் யோசித்துச் செய்யுங்கள். மற்றபடி பயப்பட ஒன்றும் இல்லை. டெஸ்க்டாப் என்றால் பின்னால் இருக்கிற பவர் சுவிட்சை அணைத்து வயரைக் கழற்றுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரை எடுத்துவிட்டு, மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். அப்புறம் பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச கரண்ட் போய்விடும்.

வீடு மாற்றிய பிறகு வருகிற கேஸ்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பெங்களூரில் பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த ஏரியா. சி.பி.யூ.வைப் பெட்ஷீட்டில் சுற்றி டெம்போவில் ஏற்றி, குழிகளில் குலுங்கி வந்து இறக்கினால் உள்ளே ஏதாவது நெகிழத்தான் செய்யும். போன மாதம் கூட ஒரு டெஸ்க்டாப் அப்படி வந்தது. உள்ளே இருந்தது எம்.2 டிரைவ், ஒரு சூயிங்கம் பட்டை அளவுதான் இருக்கும். ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்த மாதிரிதான் தெரிந்தது. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தபோதுதான் தங்க நிறப் பற்களில் ஒரு மயிரிழை அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. மறுமுனையில் அதைப் பிடித்திருக்க வேண்டிய குட்டி ஸ்க்ரூ இல்லவே இல்லை. யாரோ எப்போதோ போடாமல் விட்டிருக்கிறார்கள், இத்தனை நாள் மேலே இருந்த ஹீட்சிங்க் என்ற சூடு தணிக்கும் தகடுதான் அமுக்கிப் பிடித்திருக்கிறது. டிரைவைக் கழற்றி, சாய்வாக உள்ளே தள்ளி, மெதுவாகப் படுக்க வைத்து ஸ்க்ரூ போட்டதும் முதல் தடவையிலேயே வந்துவிட்டது.

எனவே கழற்றி மாட்டுங்கள். பற்களில் மங்கலோ கறையோ இருந்தால் வெள்ளை ரப்பரால் லேசாக ஒரே திசையில் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்ததும் போடுங்கள். வேறு ஸ்லாட் இருந்தால் அதிலும் முயன்று பாருங்கள். சாட்டா டிரைவ் என்றால் டேட்டா கேபிளை மாற்றுங்கள், மதர்போர்டில் வேறு போர்ட்டில் குத்துங்கள். சாட்டா கேபிள் விலை குறைந்த பொருள், அதனாலேயே யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்.

கரண்ட் போய் வந்ததிலிருந்து காணவில்லை. எரிந்துவிட்டதா?

பெரும்பாலும் எரிந்திருக்காது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் அபார்ட்மென்ட் வாழ்க்கைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. பெஸ்காம் (நம் ஊர் மின்சாரக் கம்பெனி) லைன் போனதும் கீழே ஜெனரேட்டர் ஓட ஆரம்பிக்கும், இடையில் சில விநாடி இருட்டு. "எங்களுக்குத்தான் முழு பேக்கப் இருக்கே" என்று யூ.பி.எஸ். வாங்காமல் விட்டவர்கள் நிறைய. அந்தச் சில விநாடி போதும், டெஸ்க்டாப் படாரென்று அணைந்து போகும்.

எஸ்.எஸ்.டி.க்குள் எந்த ஃபைல் எந்தச் சிப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு வரைபட அட்டவணை இருக்கும். டிரைவ் வேலை செய்யும்போது அது மாறிக்கொண்டே இருக்கும். பாதி எழுதும்போது கரண்ட் போனால் அட்டவணை குழம்பிவிடும். சர்வர்களுக்கான டிரைவ்களில் இந்த நேரத்தைச் சமாளிக்க கெப்பாசிட்டர்கள் இருக்கும், வீட்டுக்கு வாங்குகிற டிரைவ்களில் பெரும்பாலும் கிடையாது. மறுபடி ஆன் செய்யும்போது டிரைவ் தன் அட்டவணையைத் திரும்பக் கட்ட முயலும். அதற்கு நேரம் எடுத்தால் பயாஸ் காத்திருக்காமல் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

எனவே டிரைவுக்குக் கரண்ட் மட்டும் கொடுத்து நிம்மதியாக விடுங்கள். சாட்டா டிரைவ் என்றால் டேட்டா கேபிளைக் கழற்றி, பவர் கேபிளை மட்டும் வைத்து கம்ப்யூட்டரை ஆன் செய்து இருபது முப்பது நிமிடம் விடுங்கள். பிறகு அணைத்து அரை நிமிடம் பவரைக் கழற்றிவிட்டு, இன்னொரு தடவை அதே மாதிரி. கடைசியில் டேட்டா கேபிளை மாட்டி ஆன் செய்யுங்கள். லேப்டாப்பிலும் எம்.2விலும் பயாஸ் திரைக்குள் போய் அப்படியே அரை மணி நேரம் விட்டுவிடலாம். எஸ்.எஸ்.டி. விற்ற க்ரூஷியல் பிராண்டே தன் வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன முறை இது. எப்போதும் பலிக்காது. ஆனால் ஒரு பைசா செலவில்லை, டேட்டாவுக்கும் ஆபத்தில்லை. நடுவில் பொறுமை இழந்து ஆன் ஆஃப், ஆன் ஆஃப் என்று போடாதீர்கள்.

புதிதாக எஸ்.பி. ரோட்டில் வாங்கி வந்த எம்.2 டிரைவ் தெரியவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் டிரைவ் எந்த வகை என்று பாருங்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டா டிரைவும் வரும், என்.வி.எம்.இ. டிரைவும் வரும். உங்கள் ஸ்லாட் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்வதாக இருந்தால், இன்னொன்றைப் போட்டால் சத்தமே இல்லாமல் சும்மா இருக்கும். பற்கள் பக்கம் பாருங்கள். இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்.வி.எம்.இ. 'பெரும்பாலும்' என்று சொல்வதற்குக் காரணம் விதிவிலக்குகள் உண்டு, எனவே லேபிளையும் படியுங்கள். 2280 என்று போட்டிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று மட்டும்தான் அர்த்தம். வகை அதிலிருந்து தெரியாது.

எஸ்.பி. ரோடு என்கிற சதர் பத்திரப்பா சாலைக் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போகும்போது மதர்போர்டு அல்லது லேப்டாப் மாடல் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். "எம்.2 ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் கையில் கிடைத்ததைக் கொடுப்பார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் சில நூறு ரூபாய்க்கு 2 டி.பி. என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அது போலிதான்.

எம்.2 போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போய்விட்டது?

பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் சில சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொள்ளும். எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் போட்டால் அந்தப் போர்ட்டுகள் அணைந்துவிடும். ஹார்ட் டிஸ்க் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள், வந்துவிடும்.

பவர் சப்ளை மாற்றினேன், பழைய கேபிளையே மாட்டலாமா?

கூடாது. மாடுலர் பவர் சப்ளையில் (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடியது) டிரைவ் பக்கம் மாட்டுகிற முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான், ஆனால் பவர் சப்ளை பக்கம் மாட்டுகிற முனையில் எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில நேரம் ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். உள்ளே நன்றாகப் பொருந்தும், ஆன் செய்த நொடியில் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிரைவ் நிஜமாகவே எரிந்துவிடும். புதுப் பெட்டியில் வந்த கேபிளை மட்டும் போடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் கெஞ்சிக் கேட்கிற இரண்டு விஷயங்களில் இது ஒன்று.

பயாஸில் இருக்கிறது, விண்டோஸில் இல்லை. என்ன செய்ய?

இன்னொன்று இதுதான். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். திறந்ததும் "டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும்" என்று ஒரு பெட்டி வந்து நிற்கலாம். புத்தம் புது டிரைவ் என்றால் ஜி.பி.டி. தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள், புது வால்யூம் உருவாக்குங்கள், முடிந்தது. ஆனால் ஏற்கனவே உங்கள் ஃபைல்கள் இருந்த டிரைவ் என்றால் கேன்சல். ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டாலும் கேன்சல். 'ரா' (உள்ளே இருப்பது விண்டோஸுக்குப் புரியவில்லை) என்று காட்டினாலும் கை வைக்காதீர்கள்.

ஸ்ரீராம்புரத்தில் கல்யாண போட்டோ எடுக்கிற தம்பி ஒருவர் அந்த ஓகேயை அழுத்தி, அதற்குப் பிறகு விண்டோஸ் கேட்ட ஃபார்மேட்டுக்கும் சரி சொல்லிவிட்டு வந்தார். ஹார்ட் டிஸ்க் காலத்தில் குயிக் ஃபார்மேட் செய்தாலும் ஓரளவு மீட்டுவிடலாம். எஸ்.எஸ்.டி.யில் ஃபார்மேட் ஆனதும் டிரிம் என்ற கட்டளை போய், பழைய இடங்களை டிரைவ் உள்ளுக்குள் தானே துடைத்துவிடும். ஒரு முகூர்த்தம் முழுக்கப் போனது. அந்தப் பெண் வீட்டாரிடம் அவர் எப்படிச் சொன்னாரோ என்று எனக்கு இன்னும் மனசு கேட்கவில்லை.

டிரைவ் நல்லபடி தெரிந்து, பார்ட்டிஷனும் தெரிந்து, 'டி', 'இ' மாதிரியான டிரைவ் எழுத்து மட்டும் இல்லாவிட்டால் ரைட் கிளிக் செய்து டிரைவ் லெட்டர் கொடுங்கள், போதும். அப்படி இல்லையென்றால் உபுண்டுவை ஒரு பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் 'டிரை' மட்டும் கொடுத்துத் திறந்து பாருங்கள். விண்டோஸ் காட்டாத ஃபைல்கள் அங்கே தெரிந்தால் உடனே வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது டிரைவ் பட்டியல் காலியாக இருக்கிறது.

இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல லேப்டாப்களில் இது சகஜம். வி.எம்.டி. என்ற இன்டெலின் ஸ்டோரேஜ் செட்டிங் ஆன் ஆகியிருக்கும், விண்டோஸ் இன்ஸ்டாலரிடம் அதற்கான டிரைவர் இருக்காது. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, அதைப் பிரித்து அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிரைவ் வந்து நிற்கும். பயாஸில் வி.எம்.டி.யை அணைத்தாலும் தெரியும்தான். ஆனால் ஏற்கனவே உள்ளே ஒரு விண்டோஸ் இருந்தால் அது அதற்குப் பிறகு பூட் ஆகாமல் நீலத் திரையில் நிற்கலாம்.

பயாஸில் கண்டதையும் மாற்றிப் பார்க்கலாமா?

அதற்கு முன் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரிகவரி கீ கையில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 வந்த நிறைய லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் உள்நுழைந்ததும் டிரைவ் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. பயாஸில் ஏதாவது மாற்றினால் ரிகவரி கீயான 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். போன் மூலம் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும். ஒரு தாளில் எழுதிக்கொண்டு பிறகு பயாஸைத் தொடுங்கள்.

பழைய டெஸ்க்டாப்பில் இன்னொன்று. ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தேதி பின்னால் போகிறது என்றால் மதர்போர்டில் இருக்கிற காசு மாதிரியான பேட்டரி தீர்ந்துவிட்டது. செட்டிங் எல்லாம் பழையபடி மாறி, ஏ.எச்.சி.ஐ. என்று இருந்த சாட்டா மோட் ரெய்டு என்றோ ஐ.டி.இ. என்றோ போய், விண்டோஸ் தடுமாறும். சி.ஆர்.2032 பேட்டரி எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும்.

விண்டோஸ் அப்டேட்தான் காரணம் என்கிறார்களே?

2025 ஆகஸ்டில் வந்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, பெரிய ஃபைல்களைத் தொடர்ந்து எழுதும்போது எஸ்.எஸ்.டி. மறைந்துபோவதாக நிறையப் பேர் பதறினார்கள். சோதித்துப் பார்த்த மைக்ரோசாஃப்ட், அப்டேட்டுக்கும் அதற்கும் தொடர்பு தெரியவில்லை என்று அந்த மாதக் கடைசியிலேயே சொன்னது. எஸ்.எஸ்.டி.யை இயக்கும் கன்ட்ரோலர் சிப் தயாரிக்கும் ஃபைசானும் 4,500 மணி நேரத்துக்கு மேல் சோதித்தும் அந்தக் கோளாறை வரவழைக்க முடியவில்லை என்றது. அதே சமயம் அப்டேட்டால் பிரச்சினையே வராது என்றும் சொல்ல முடியாது. 2024-இல் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது வெஸ்டர்ன் டிஜிட்டலின் சில 2 டி.பி. டிரைவ்கள் நீலத் திரை காட்டின, கம்பெனி புது ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே ஓடும் சாஃப்ட்வேர்) கொடுத்துச் சரி செய்தது. எனவே அப்டேட்டைத் திட்டிக்கொண்டு உட்காராமல், உங்கள் டிரைவுக்கு ஃபர்ம்வேர் வந்திருக்கிறதா என்று கம்பெனியின் சாஃப்ட்வேரில் பாருங்கள்.

ஒன்றுமே செய்யாமல் ஃபர்ம்வேரால் மட்டும் டிரைவ் போகுமா?

போகும். எச்.பி. என்டர்பிரைஸ் 2019 நவம்பரில் தன் சில சர்வர் டிரைவ்கள் 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி நேரத்தில், டேட்டாவோடு செயலிழந்துவிடும் என்று அறிவித்து ஃபர்ம்வேர் வெளியிட்டது. அதற்கு முன் க்ரூஷியல் எம்4 டிரைவ்கள் 5,184 மணி நேரம் ஓடியதும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நின்றுபோயின, 2012 ஜனவரியில் அதற்குத் தீர்வு வந்தது.

டிரைவ் தெரிகிறது, ஆனால் பெயரும் அளவும் தப்பாக இருக்கிறது.

'சாட்டாஃபர்ம் எஸ்11' என்று பெயர் காட்டினால் ஃபைசான் எஸ்11 கன்ட்ரோலர் உள்ள டிரைவின் ஃபர்ம்வேர் கெட்டுவிட்டது. விலை குறைந்த சாட்டா டிரைவ்களில் இதை நிறையப் பார்க்கிறேன். 2011-இல் இன்டெல் 320 டிரைவ்கள் கரண்ட் போய் வந்ததும் 8 எம்.பி. என்று காட்டியதும் இந்த மாதிரிதான். டேட்டா முக்கியம் என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு ரிகவரி ஆட்களிடம் போங்கள். யூடியூப் பார்த்து ஃபர்ம்வேர் திரும்ப எழுதினால் டிரைவ் பிழைக்கலாம், உள்ளே இருந்தது போய்விடும்.

வெளியே எடுத்து யூ.எஸ்.பி. கேஸில் போட்டுப் பார்க்கலாமா?

நல்ல யோசனை. மதர்போர்டு கோளாறா, டிரைவ் கோளாறா என்று உடனே தெரிந்துவிடும். என்.வி.எம்.இ. கேஸில் சாட்டா டிரைவ் தெரியாது என்பதை மட்டும் மறக்காதீர்கள், இரண்டையும் ஏற்கிற கேஸ் வாங்குவது நல்லது. பிட்லாக்கர் டிரைவ் என்றால் இங்கேயும் அந்த 48 இலக்கம் வேண்டும். மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது, புதிய மாடல்களில் ஸ்டோரேஜ் போர்டிலேயே ஒட்டியிருக்கும்.

சிவாஜிநகரில் அச்சகம், பேஜ்மேக்கருக்காக இன்னும் விண்டோஸ் 7. புது எஸ்.எஸ்.டி. பிடிக்கவில்லை.

விண்டோஸ் 7-க்குள் என்.வி.எம்.இ. டிரைவர் கிடையாது. பழைய தமிழ் எழுத்துருக்களுக்காக அந்த மெஷினை வைத்திருக்கிறீர்கள் என்று புரிகிறது. இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்கிப் போடுங்கள், அந்த வேலைக்கு அதன் வேகமே தாராளம்.

வாரன்டி இருக்கிறது, அனுப்பிவிடலாமா?

டேட்டா வேண்டாம் என்றால் அனுப்புங்கள். வாரன்டியில் வேறு டிரைவ் கொடுப்பார்கள், உங்கள் ஃபைல்களைத் திருப்பித் தர மாட்டார்கள். டேட்டா வேண்டும் என்றால் முதலில் ரிகவரி ஆட்களைப் பாருங்கள். டிரைவைத் திறந்தாலோ ஸ்டிக்கரைக் கிழித்தாலோ வாரன்டி போகும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுங்கள். ரிகவரி ஆனால்தான் பணம் என்று எழுதிக் கொடுக்கிற இடமாகப் பாருங்கள். ஃப்ரிட்ஜில் வை, சூடு காட்டு என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

திரும்பத் தெரிந்துவிட்டது! இனி நம்பலாமா?

சந்தோஷம். ஆனால் இப்போதே, இந்த நிமிடமே, முக்கியமானதை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். அப்புறம் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேர் போட்டு டிரைவின் ஹெல்த் பாருங்கள். என்.வி.எம்.இ. டிரைவ்களில் 'அன்சேஃப் ஷட்டவுன்' என்று ஒரு எண் இருக்கும், கரண்ட் திடீரென்று போன தடவைகளின் கணக்கு அது. காக்ஸ் டவுன் அபார்ட்மென்டில் ஒரு அக்காவின் டிரைவில் அந்த எண் பல நூறைத் தாண்டியிருந்தது. ஒவ்வொன்றும் கீழே ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்த ஒரு சாயங்காலம். அன்றைக்கே சின்ன யூ.பி.எஸ். ஒன்று வாங்கி வைத்தார். போன வாரம் போய்ப் பார்த்தபோது எண் அங்கேயே நின்றிருந்தது.